ரிசப்ஷன் கோட்டை யாரிடம் கொடுப்பது: கடையா, வண்டியா, வீடா?

எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு கோட்டுகள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒன்று அப்பாவுடையது. 1982-ல் அவர் கல்யாணத்துக்கு ராயபுரத்தில் ஒரு டெய்லர் தைத்தது. இன்னொன்று என்னுடையது, 2014-ல் என் ரிசப்ஷனுக்கு அளவு கொடுத்துத் தைத்தது. அப்பாவின் கோட்டை இன்றைக்கும் உதறிப் போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வரலாம். என் கோட்டின் மார்புப் பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. அதை நான் போட்டது மொத்தம் மூன்றே தடவை.

அக்கா மகனுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். தண்டையார்பேட்டையில் கோட் சூட் தைக்கக் கொடுத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "மாமா, போட்டு முடிச்சதும் ட்ரைக்ளீனுக்குக் கொடுக்கணுமா, நம்ம அயர்ன் வண்டிக்காரர்கிட்ட கொடுத்தாப் போதுமா, இல்ல வீட்லயே பாத்துக்கலாமா?" என்று கேட்டான். ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு துணிப் பராமரிப்பைப் பற்றி எழுதுவதில் கொஞ்சம் கூச்சமும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் ஏற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் இது. அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட எனக்குத் தெரியாது. ஒரு கோட்டைக் கெடுத்து, இன்னொன்றைக் கெடுக்கப் பார்த்துக் கடைசி நேரத்தில் காப்பாற்றிய அனுபவம் மட்டும் இருக்கிறது.

ஒரு கணக்கை முதலில் போட்டுவிடுவோம். ரிசப்ஷன் கோட்டை வருஷத்துக்கு இரண்டு தடவை போட்டாலே அதிகம். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். மீதி நாளெல்லாம் அது பீரோவுக்குள்ளேதான், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், உப்பு பிசுபிசுக்கும் காற்றில். நாம் அந்த எட்டு மணி நேரத்து அழுக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். என் அனுபவத்தில் இங்கே கோட்டைக் கெடுப்பது அதில் தங்கிவிடும் வியர்வையும், பீரோவுக்குள் புகும் ஈரமும். கடை, வண்டி, வீடு என்று எதை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த இரண்டையும் அது எடுக்கிறதா, இல்லை இன்னும் கூட்டுகிறதா?

துணி எது என்று தெரியாமல் முடிவு எடுக்க முடியாது

ரெடிமேட் கோட்டில் உள்பாக்கெட் பக்கம் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். வட்டம் போட்டிருந்தால் ட்ரைக்ளீன், வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் கூடவே கூடாது, இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் எத்தனை புள்ளியோ அவ்வளவு சூடு. டெய்லர் தைத்த கோட்டில் அந்தச் சீட்டு கிடையாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பது பெரும்பாலும் துணியின் கரையில்தான் அச்சடித்திருக்கும். அந்தக் கரையை டெய்லர் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார். எனவே அளவு கொடுக்கும்போதே, "கரைத்துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்கண்ணா, எனக்கு வேணும்" என்று சொல்லி வைப்பது நல்லது.

தைத்து முடித்தாயிற்று என்றால் தாத்தாவின் வழிதான். தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில் மூடப்படுவதற்குப் பல வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் பழக்கம் போகவில்லை. எம்.சி. ரோட்டில் யார் துணி எடுத்து வந்தாலும் ஓரத்து நூலை ஒன்று உருவி, தீக்குச்சியில் காட்டி, மூக்கருகே கொண்டுபோவார். முடி கருகிய வாடை வந்து, கருகியது விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டியாகக் கறுப்பு மணி நின்றால் பாலியஸ்டர். காகிதம் எரிந்த வாடையும் சாம்பலும் என்றால் ரேயான், இல்லாவிட்டால் பருத்தி. காகித வாடையும் வந்து கடுகும் நின்றால் அது டெரி-ரேயான், கடைக்காரர்கள் பாஷையில் டி.ஆர். நம் பக்கத்து ரிசப்ஷன் கோட்டுகளில் நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலானவை இந்த டி.ஆர்.தான். பேண்ட்டின் கீழ் மடிப்புக்குள்ளிருந்து நூலை எடுங்கள், சமையலறை சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள்.

அடுத்தது உள்ளே இருப்பது. கோட்டின் மார்புப் பகுதி விறைப்பாக நிற்க, வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒரு துணி வைப்பார்கள். பழைய டெய்லர்கள் குதிரைமுடி கலந்த கேன்வாஸை வைத்துக் கையால் தைப்பார்கள். இப்போது பெரும்பாலும் பேஸ்டிங், அதாவது பசை தடவிய துணியைச் சூடான அழுத்தத்தில் ஒட்டிவிடுவது. கண்டுபிடிப்பது எளிது. கீழ் பட்டனுக்குப் பக்கத்தில் வெளித்துணியை ஒரு கையாலும் லைனிங்கை மறுகையாலும் கிள்ளி, இரண்டையும் மெதுவாக விலக்கிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக வழுக்கினால் கேன்வாஸ். வெளித்துணியே அட்டை மாதிரி தடித்து, நடுவில் எதுவும் அகப்படாவிட்டால் ஒட்டியது. அப்பாவின் கோட்டில் அந்த மூன்றாவது அடுக்கு விரலில் தெளிவாகத் தட்டுப்படுகிறது. என்னுடையதில் இல்லை. கொப்புளத்துக்குக் காரணம் அங்கேதான்.

ட்ரைக்ளீன் கடை

ட்ரைக்ளீன் என்றால் நனைக்காமல் சுத்தம் செய்வது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். துணி நன்றாகவே நனைகிறது. தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பானில் நனைகிறது, அவ்வளவுதான். பல ஊர்களில் அது பெர்க் என்று சுருக்கமாகச் சொல்லும் பெர்குளோரோஎத்திலீன். சின்னக் கடைகளில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் டர்பன்டைன் வகையும் ஓடுகிறது. தண்ணீர் படாததால் கம்பளி சுருங்காது, தோள்பட்டைப் பஞ்சு கட்டி கட்டியாகாது. பிரியாணி எண்ணெய், தலைக்குத் தேய்த்த எண்ணெய், கழுத்துப் பட்டியில் ஏறிய பிசுக்கு எல்லாம் கரைந்து போய்விடும். இந்த வேலையை வீட்டில் செய்ய நம்மால் ஆகாது.

ஆனால் வியர்வை எண்ணெய் இல்லை. அதில் பெரும்பங்கு தண்ணீரும் உப்பும். உப்பு தண்ணீரில் கரையும், கரைப்பானில் கரையாது. கடைக்காரர் இயந்திரத்தில் சோப்பும் கொஞ்சம் ஈரமும் சேர்த்தால்தான், இல்லை அக்குளிலும் கழுத்திலும் முன்கூட்டியே தனியாகக் கை வைத்தால்தான் அது போகும். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் செய்ய மாட்டார். கோட்டைக் கொடுக்கும்போது, "இங்க வியர்வை, இங்க சந்தனம், இது பன்னீர் பட்டது" என்று இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பன்னீர் காயும்போது கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் சூடு பட்ட பிறகுதான் சில சமயம் வட்ட வட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

என் கோட்டுக்கு நடந்தது இது. ரிசப்ஷன் முடிந்து ஒரு தடவை, மச்சான் கல்யாணம் முடிந்து இன்னொரு தடவை என்று ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டாவது தடவை வாங்கிப் பிரித்தபோது மார்பில் கொப்புளம். கரைப்பானும், அதற்கப்புறம் கொடுத்த நீராவி அழுத்தமும் சேர்ந்து உள்ளே இருந்த மட்டமான பசையை அங்கங்கே விடுவித்துவிட்டன. கடைக்காரர் தைத்தவரைக் கை காட்டினார், தைத்தவர் கடைக்காரரைக் கை காட்டினார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கொப்புளம் வந்த பேஸ்டிங்கை வீட்டு இஸ்திரியால் திரும்ப ஒட்டவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் முயன்றேன். இரண்டு நாள் ஒட்டியிருந்தது.

ஆகவே ஒட்டிய கோட்டுக்கு ஒவ்வொரு ட்ரைக்ளீனும் ஆயுளில் கொஞ்சம் கழிவுதான். கேன்வாஸ் கோட்டுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கம்பளி இழையில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையையும் கரைப்பான் அடிக்கடி எடுத்தால் துணி வறண்டுபோகும். போன தடவை அப்பாவின் கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் சேர்த்து 450 ரூபாய் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கு அப்புறமும் என்றால் செலவும் வீண், கோட்டுக்கும் கேடு.

இன்னும் ஒன்று. வாங்கி வந்ததும் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, ஜன்னலோரம் ஒருநாள் தொங்கவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பெர்க்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருட்களில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில், ட்ரைக்ளீனிங்கில் இதை 10 ஆண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று விதி வந்தது. ஆபத்து முக்கியமாகத் தினமும் அதனோடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். இருந்தாலும் அந்த வாடையைப் படுக்கையறை பீரோவுக்குள் பூட்டி வைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

தெருமுனை இஸ்திரி வண்டி

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடி வண்டி. பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டே இருக்கும். பெட்டியின் கனமே ஐந்து கிலோவுக்கு மேல் வரும். அந்தக் கனமும் சூடும் சேர்ந்து பருத்திச் சட்டைக்கும் வேட்டிக்கும் தருகிற மடிப்பை வீட்டு இஸ்திரியால் நான் ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. அண்ணன் விரலைத் தண்ணீரில் தொட்டுப் பெட்டியின் அடியில் சுண்டுவார். 'சுர்' என்ற சத்தத்தை வைத்தே சூடு போதுமா, ஏறிவிட்டதா என்று சொல்லிவிடுவார். சட்டைக்கு அது போதும்.

கோட்டுக்குப் போதாது. இஸ்திரிச் சீட்டுக் கணக்கில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரைக்கும், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பருத்திக்கு மூன்று புள்ளி, கம்பளிக்கு இரண்டு. பாலியஸ்டர் அதிகமாகக் கலந்தால் அதையும் குறைத்து வைப்பது நல்லது. கரிப்பெட்டிக்குப் புள்ளி கிடையாது. ஒரு வேட்டியை முடித்த கையோடு உங்கள் டி.ஆர். பேண்ட்டை எடுத்தால், வேட்டியின் சூடு அப்படியே அதில் இறங்கும். தொடைப் பக்கமும் பின்பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறும். கம்பளியில் இழை படுத்துவிட்டதால் வரும் பளபளப்பு, நீராவி காட்டிப் பிரஷ் போட்டால் ஓரளவு எழுந்து போகும். பாலியஸ்டரில் இழையே உருகிப் பளபளத்திருக்கும். அது நிரந்தரம்.

அப்படியானால் வண்டியே வேண்டாமா? வேண்டும், பேண்ட்டுக்கு. நான் செய்வது இது: பழைய வேட்டித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, "இதை மேல போட்டு அழுத்துங்கண்ணா, இழுக்க வேண்டாம்" என்பேன். முதல் தடவை அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் பேண்ட்டின் நேர்மடிப்பைத் துணிக்கு மேல் வைத்து அமுக்கி எடுத்தபோது, நான் ஒரு மணி நேரம் போராடியும் வராத கோடு பத்து நிமிஷத்தில் வந்தது. கோட்டை மட்டும் அவரிடம் கொடுப்பதில்லை. தட்டையான பலகையில் தோள்பட்டையையும் மார்பின் வளைவையும் அமுக்கினால் அந்த வளைவு போய்விடும். கழுத்திலிருந்து மார்புக்கு உருண்டு திரும்பி வரும் காலர் மடிப்பு காகிதம் மடித்த மாதிரி கூர்மையாகிவிடும். அந்த உருட்டுக்குத்தானே டெய்லருக்குக் கூலி கொடுத்தோம்.

வாஷிங் மெஷின்

வேண்டாம். இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. வெளித்துணி, பேஸ்டிங், பஞ்சு, லைனிங் நான்கும் தண்ணீரில் நான்கு விதமாகச் சுருங்கும். கம்பளியாக இருந்தால் சூடும் சுழற்சியும் சோப்பும் சேர்ந்து இழைகளைப் பின்னவைத்து ஜமுக்காளம் ஆக்கிவிடும். டி.ஆர். பேண்ட்டை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசலாம். ஆனால் கோட் உள்ளேயே இருக்க, பேண்ட்டை மட்டும் திரும்பத் திரும்ப அலசினால், சில வருஷத்தில் இரண்டும் வேறு வேறு நிறமாகிவிடும். புகைப்படத்தில் அது நன்றாகத் தெரியும்.

வீட்டில்

போட்டுக் கழற்றிய அன்று இரவே செய்ய வேண்டிய வேலை பதினைந்து நிமிஷம்தான். அதை அன்றே செய்வதில்தான் விஷயம். ரிசப்ஷன் முடிந்து வரும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும், கோட்டை நாற்காலியில் வீசிவிட்டுத் தூங்கிவிடுவோம். காலையில் அது சுருங்கிய இடத்திலேயே காய்ந்து நிற்கும். வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும், பாக்கெட்டுகளைக் காலி செய்து, அகலத் தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, ஃபேனுக்கு அடியில் விட்டுவிட்டாவது படுங்கள். கம்பித் தொங்கல் வேண்டாம். அது தோளில் காது முளைத்த மாதிரி இரண்டு மேடு எழுப்பிவிடும். மரம்தான் வேண்டும் என்பதில்லை, இரண்டு விரல் தடிமனுக்குத் தோள் இருக்கும் பிளாஸ்டிக் ஹேங்கரும் போதும்.

கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். இதுதான் அதன் பெருமையும் ஆபத்தும். அப்பாவின் கோட்டை ஒரு இரவு தொங்கவிட்டால் பாதிச் சுருக்கம் தானாகப் போய்விடுகிறது. ஆனால் அது குடித்த ஈரம் முழுதும் வெளியே வர ஒருநாளாவது ஆகும். அதற்குள் பீரோவில் வைத்துப் பூட்டினால் அவ்வளவுதான். பாலியஸ்டர் தண்ணீரை உள்ளே எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். சீக்கிரம் காயும், ஆனால் உடம்பு வாடை அதில் அப்பிக்கொண்டு போக மறுக்கும். காசிமேட்டுப் பக்கம் கருவாடு காயும் நாளில் டி.ஆர். கோட்டை வெளியே தொங்கவிட்டுப் பாருங்கள், புரியும்.

மறுநாள் பிரஷ். பன்றிமுடி அல்லது குதிரைமுடிப் பிரஷ் 300 ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். துணி சோப்போடு வைத்துத் தேய்க்கும் பிளாஸ்டிக் பிரஷ் ஆகாது. கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரே திசையில் சின்னச் சின்ன வீச்சாகத் தட்டிவிட வேண்டும். ராயபுரம்வாசிகளுக்குத் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். 2011-ல் துறைமுகத்திலிருந்து நிலக்கரி எண்ணூருக்குப் போகும் வரைக்கும் மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் மாலையில் சாம்பல் நிறத்தில்தான் கைக்கு வரும். இப்போது கரி இல்லை, கண்டெய்னர் லாரிப் புழுதி இருக்கிறது. புழுதி இழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டால் உப்புத்தாள் மாதிரி உள்ளிருந்தே அறுக்கும். பிரஷ் அதற்குத்தான்.

அப்புறம் வியர்வை. லைனிங்கின் அக்குள் பகுதியை வெளியே திருப்பி, பருத்தித் துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். இரண்டு மூன்று தடவை துணியை அலசி அலசி ஒற்றினால் உப்பு வந்துவிடும். கடை பல நேரம் விட்டுவிடுகிற வேலையை வீட்டில் ஒரு ஈரத்துணி செய்துவிடுகிறது. எண்ணெய் சொட்டினால் தண்ணீர் வைக்காதீர்கள். உடனே முகப் பவுடரைக் கொட்டி இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டுங்கள். மிச்சம் இருந்தால் அது கடைக்காரர் பாடு. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். லைனிங் அசிடேட் துணியாக இருந்தால் அதில் ஓட்டையே விழும்.

சுருக்கத்துக்கு இஸ்திரிப் பெட்டியா, கையில் பிடிக்கும் ஸ்டீமரா என்று கேட்டால், கோட்டுக்கு ஸ்டீமர், பேண்ட்டுக்கு இஸ்திரி. ஸ்டீமர் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது, துணியைத் தொடாமலே வேலை முடிகிறது. கூர்மையான மடிப்பு அதில் வராது, கோட்டில் அது தேவையும் இல்லை. ஒட்டிய கோட்டின் மார்பில் மட்டும் நீண்ட நேரம் நீராவி காட்டாதீர்கள், பசை இளகும். இஸ்திரி போட்டே ஆக வேண்டும் என்றால் ஈரத்துணி மேல் வைத்து, அமுக்கி, தூக்கி, அடுத்த இடம். சூடு ஆறும் வரைக்கும் போடவும் மடிக்கவும் கூடாது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் கோட்டைத் தொங்கவிடும் யோசனையைப் பலர் சொல்வார்கள். நம் வாளிக்குளியலுக்கு அவ்வளவு ஆவியும் எழும்பாது, எழும்பிய ஈரம் நம் காற்றில் காயவும் செய்யாது.

ஸ்டீமரில் ஊற்றும் தண்ணீர் விஷயத்தில்தான் அப்பாவின் கோட்டை இழக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் ஒரு வாரம் நின்றால் ஓரத்தில் வெள்ளைக்கோடு கட்டும். தெரிந்தும் சோம்பல்பட்டு அதையே ஊற்றினேன். பாதியில் ஸ்டீமர் இருமுவது போல ஒரு சத்தம் போட்டு, அடர்நீலக் கோட்டின் இடது கைமேல் கலங்கலாக ஒரு வாய் துப்பியது. அப்பா எதுவும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். காய்ந்ததும் திட்டுத்திட்டாக வெள்ளை. நல்லவேளை, அது வெறும் உப்பு. கேன் தண்ணீரில் நனைத்த துணியால் நான்கு தடவை ஒற்றியதும் போய்விட்டது. அன்றிலிருந்து குடிக்கும் கேன் தண்ணீர்தான் ஸ்டீமருக்கும்.

பீரோவுக்குள்

இங்கே இரண்டு கட்சி. ஒன்று, ட்ரைக்ளீன் கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு, நான்கு பாச்சை உருண்டையோடு பூட்டும் கட்சி. நம் வீடுகளில் பெரும்பான்மை இதுதான். இன்னொன்று பருத்தி உறைக் கட்சி. நான் இரண்டாவது.

பிளாஸ்டிக் தூசியைத் தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகையில் வெளியே வாரக்கணக்கில் மழை பெய்யும்போது இரும்பு பீரோ உள்ளுக்குள் புழுங்கும். மழை விட்டு ஒருநாள் திறந்தால் கழுத்துப் பட்டியில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கும், குறிப்பாக வியர்வை எடுக்காத இடத்தில். எங்கள் வீட்டில் பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து, மேலே ஹேங்கர் கொக்கிக்கு ஒரு ஓட்டை விட்டு, அம்மா பக்கவாட்டில் தையல் ஓட்டிக் கொடுத்தாள். செலவே இல்லை. தூசியும் உள்ளே போகாது, காற்றும் நிற்காது. கோட்டைப் பீரோவின் மேல் கம்பியிலேயே தொங்கவிடுங்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது எங்கள் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்தவை எல்லாம் நனைந்தன, தொங்கிய கோட்டுகள் தப்பின.

பாச்சை உருண்டை எதற்கு என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்துப்பூச்சிக்கு. அந்தப் புழு தின்பது கம்பளியையும் பட்டையும்தான், பாலியஸ்டர் அதற்கு உணவே இல்லை. டி.ஆர். கோட்டுக்கு உருண்டை போடுவது வெறும் வாடையைச் சேர்க்கத்தான். அதில் உள்ள ரேயானை இராமபாணப்பூச்சி கடிக்கலாம். ஆனால் அது வருவது ஈரத்தைத் தேடி. ஈரத்தைக் குறைத்தால் அதுவும் குறையும். கம்பளிக் கோட்டுக்கும் உருண்டை சரியாக வேலை செய்ய வேண்டுமானால் காற்றுப் புகாத பெட்டி வேண்டும். இடுக்கு உள்ள பீரோவில் அந்த ஆவி அறைக்குள்தான் வரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நான் வைக்கவே மாட்டேன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு நாப்தலின் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். எங்கள் பீரோவில் வசம்புத் துண்டு, சின்னத் துணி முடிச்சில். உருண்டை அளவுக்கு வலு இருக்காது. எனவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கோட்டை வெளியே எடுத்து உதறுவதுதான் எனக்கு உண்மையான காவல்.

அந்த உதறலுக்கும் நேரம் இருக்கிறது. விடிகாலையில் காற்றில் ஈரம் அதிகம். பத்து மணிக்கு மேல், மத்தியானக் கடல்காற்று ஏறுவதற்குள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு மணி நேரம். நேர் வெயில் வேண்டாம், அடர்நிறம் தோளில் மட்டும் வெளுத்துவிடும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒன்று, ஆடியில் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அக்கா மகனிடம் சொன்னது

அவன் துணி டி.ஆர்., உள்ளே பேஸ்டிங். எனவே ரிசப்ஷன் முடிந்ததும் ஒரே ஒரு தடவை ட்ரைக்ளீன், அதுவும் சந்தனமோ எண்ணெயோ பட்டிருந்தால் மட்டும். அதற்கப்புறம் நண்பர்கள் கல்யாணம், ஆபீஸ் விழா என்று எத்தனை தடவை போட்டாலும் ஈரத்துணி, பிரஷ், ஃபேன் காற்று. பேண்ட் வண்டிக்கு, வேட்டித் துண்டோடு. கோட் வண்டிக்குப் போகக் கூடாது. உருண்டை வேண்டாம்.

அவன் துணி கம்பளியாகவும் உள்ளே கேன்வாஸாகவும் இருந்திருந்தால் வேறு சொல்லியிருப்பேன். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஒரு தடவை கடையில் கொடுத்து வாங்கி, வியர்வையும் எண்ணெயும் இல்லாமல் பீரோவுக்குள் வை, ஏனென்றால் புழு தேடி வருவது அழுக்குப் பட்ட கம்பளியைத்தான் என்று. மாதம் நான்கு தடவை கோட் போடும் வேலையில் இருப்பவராக இருந்தால் ட்ரைக்ளீன் பணத்தைச் சேர்த்து இரண்டாவது பேண்ட் தைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். எப்போதும் முதலில் தேய்வது பேண்ட்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு, "சரி மாமா, இவ்ளோ வேலையை யார் செய்யறது? வரப்போறவ செய்வாளா?" என்றான். அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "போடறவன் செய்வான்" என்றாள். அடுத்த ட்ரயலுக்குப் போகும்போது டெய்லரிடம் கரைத்துண்டு, ஒரு சாண் மிச்சத் துணி, இரண்டு பட்டன் மூன்றையும் கேட்டு வாங்கச் சொல்லி அவன் போனிலேயே குறித்துக் கொடுத்திருக்கிறேன். அம்மா இன்னொரு வேட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.